நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

நோய்த்தடுப்பு குறித்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் தந்தை ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். இரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் இதயமும் மூளையும் சிறுநீரகமும் என்ன ஆகும் என்று பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவர். ஆனால் தமக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சில வாரங்கள் போட்டுக்கொண்டு, பிறகு 'இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று நிறுத்திவிடுகிறார். நடைப்பயிற்சியும் அப்படியே. சொல்லிச் சொல்லி, பயமுறுத்தியும் பார்த்து, அலுத்துவிட்டேன். அறியாமை என்றால் கற்பிக்கலாம். அறிந்தவரே செய்யாவிட்டால் அதைச் சோம்பல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சலிப்பு நியாயமானதே. ஆனால் சோம்பல் என்ற முடிவுக்கு என்னால் வர இயலவில்லை. நெடுநாள் நோய்களுக்கான சிகிச்சையை முறையாகப் பின்பற்றுகிறவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 விழுக்காட்டினர்தாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. பாதிப் பேர் தவறுகிற ஒரு காரியத்தில், தவறுகிறவரின் குணத்தை ஆராய்வதைவிட அந்தக் காரியம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பதே முறை.

'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று உங்கள் தந்தை சொல்வது சாக்குப்போக்கு அன்று. அவர் உண்மையிலேயே அப்படித்தான் உணர்கிறார். தலைவலிக்கு மாத்திரை போட்டால் சற்று நேரத்தில் வலி விடுகிறது, போடாவிட்டால் நீடிக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு உடலே சாட்சி. இரத்த அழுத்த மாத்திரைக்கு அந்தச் சாட்சி கிடையாது. போட்ட நாளும் போடாத நாளும் ஒன்றுபோலவே கழிவதால், தவறவிட்ட ஒவ்வொரு நாளும் 'ஒன்றும் ஆகவில்லை' என்ற பாடத்தையே கற்றுத்தருகிறது. வராமல் தடுக்கப்பட்ட பக்கவாதமோ, எந்தத் தேதியில் வரவிருந்தது என்று எவராலும் காட்ட முடியாதது. ஹோவர்ட் லெவந்தால் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. அழுத்தம் ஏறியிருப்பதை உணர்வால் அறிய முடியாது என்று பொதுவாக ஒப்புக்கொண்ட நோயாளிகளே, தம் விஷயத்தில் மட்டும் தலைவலி, முகச்சூடு போன்றவற்றைக் கொண்டு அதைக் கண்டுகொள்ள முடியும் என்று நம்பினார்கள். பாடம் நடத்திய ஆசிரியரும் மாத்திரையை நிறுத்தும் தந்தையும் ஒரே ஆளாக இருப்பதில் முரண் ஏதும் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

அவர் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. தடுப்பு நடவடிக்கை ஒன்று மக்கள்தொகை முழுமைக்கும் பெரும் பயன் தந்தாலும், அதில் பங்கேற்கும் தனிமனிதருக்குக் கிடைக்கும் பயன் சிறிதாகவே இருக்கக்கூடும் என்பதைப் பிரிட்டனின் நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1981இலேயே சுட்டிக்காட்டினார். அறிவுரை சொல்கிறவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குகிறோம். கேட்கிறவர்கள் எப்படியோ அதை ஊகித்துவிடுகிறார்கள்.

பயமுறுத்தியும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதே லெவந்தால் 1965இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் கையேடு, சிலருக்கு அச்சமூட்டும் வகையிலும் சிலருக்கு மிதமாகவும் தரப்பட்டது. கடும் அச்சம் கொண்டவர்கள் தடுப்பூசியின் அவசியத்தைக் கூடுதலாக ஏற்றார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டார்களா என்று பார்த்தபோது அச்சத்தின் அளவு வேறுபாட்டை உண்டாக்கவில்லை. வேறுபாட்டை உண்டாக்கியது, மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தந்த வளாக வரைபடம். அதில் மருத்துவ நிலையம் குறிக்கப்பட்டிருந்தது. வாராந்திர அட்டவணையைப் பார்த்து எப்போது போகலாம் என்று முடிவுசெய்யும்படியும் கேட்டிருந்தார்கள். வரைபடம் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டார்கள்; பெறாதவர்களில் 3 விழுக்காட்டினர். இத்தனைக்கும் மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்பது அந்த மாணவர்களுக்கு முன்பே தெரியும்.

அறிவு போதுமானது என்றால் மருத்துவமனைகளில் எவரும் கைகழுவத் தவறியிருக்கக் கூடாது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994இல் கணக்கெடுத்தபோது, ஊழியர்கள் கையைச் சுத்தம் செய்யவேண்டிய தருணங்களில் 48 விழுக்காட்டில்தான் செய்தார்கள். திதியே பித்தே என்ற மருத்துவரின் குழு சுவரொட்டிகளை ஒட்டியது, கணக்கெடுப்பின் முடிவுகளை ஊழியர்களுக்குத் தெரிவித்தது. இவற்றோடு கைகளில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவத்தைப் படுக்கைக்கு அருகிலேயே வைத்தது. 1997இல் அந்த 48 விழுக்காடு 66 விழுக்காடானது. சோப்பும் நீரும் கொண்டு கழுவுவது கூடவில்லை. கூடியது முழுவதும் திரவத்தால்தான். கழுவுதொட்டிவரை நடந்துபோகும் அந்தச் சிறு தொலைவே, கிருமியியல் படித்தவர்களையும் தடுத்துவந்திருக்கிறது. மருத்துவர்களுக்கே இந்த நிலை என்றால், மருந்துக்கும் பணம் இல்லாமல் நேரமும் இல்லாமல் இரண்டு வேலை பார்க்கிறவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் தந்தையின் விஷயத்தில், சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. 2010இல் வெளியான லண்டன் ஆய்வு, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள்வரை ஆகும் என்று மதிப்பிட்டது. நடுவே ஒரு நாள் தவறுவது பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் கண்டது. ஆகவே தவறிய நாளுக்காக அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. மாத்திரை அட்டையை, அவர் தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலை நடக்கும் இடத்தில் வையுங்கள். பல் துலக்கும் இடமாயினும் சரி. வீட்டில் அழுத்தமானி ஒன்று இருக்கட்டும். உடல் சொல்லாததை எண் சொல்லும், அறிவியல் ஆசிரியருக்கு அந்த மொழி பிடிக்கவும் செய்யும். ஒன்றுக்கு மேற்பட்ட மாத்திரைகள் இருந்தால் ஒரே கூட்டு மாத்திரையாக மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. ஏன் போடவில்லை என்று அவரைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். போட்டால் என்ன செய்கிறது என்று கேட்டதுண்டா? இவ்வகை மருந்துகளில் ஒன்று கணுக்காலை வீங்கச்செய்யும், ஒன்று வறட்டு இருமலைத் தரும், ஒன்று அடிக்கடி சிறுநீர் கழிக்கவைத்து வெளியே கிளம்புவதையே தொல்லையாக்கும், சில ஆண்மைக் குறைவை உண்டாக்கும். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மருத்துவரிடம் சொல்ல நேரமின்றி, 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று முடித்துக்கொள்கிறவர்கள் பலர். அப்படி ஏதேனும் இருந்தால், மருந்தையோ அளவையோ வேளையையோ மாற்றித்தர மருத்துவருக்கு வழிகள் உண்டு.

அன்புடன்.