போன் கடைக்கு உழைக்க வேண்டுமென்றால்

கேள்வி: கிண்ணியாவில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்ட் போனில் வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் தவிர வேறு வேலை நடப்பதில்லை. டேட்டா மாதம் முடிய முன்பே தீர்ந்துவிடுகிறது, போனில் இடமும் இல்லை. பில்கள் தொலைகின்றன. கந்தோர்க் கடிதங்கள் சில நேரம் சிங்களத்தில் வருகின்றன. என்ன ஆப் போடலாம்?

பதில்: புதிதாக எதுவும் போட வேண்டாம். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் போனிலேயே இருக்கிறது. காசு கட்டும் 'கடைக் கணக்கு' ஆப்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

முதலில் இடமும் டேட்டாவும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய், மொபைல் டேட்டாவில் தானாக இறங்குபவை எல்லாவற்றிலும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் தொட்டால் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் தனியாக வரும். காலை வணக்க வீடியோக்களை அங்கேயே அழித்துவிடலாம். யூடியூப்பில் படத் தெளிவை 480பிக்கு மேல் போக விடாதீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் சேர்கிறது. அது நிரம்பினால் ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதே நின்றுவிடும். பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதீர்கள்.

பில்கள்தான் முக்கியம். மெஷினில் வரும் பில் தெர்மல் தாளில் சூட்டால் அச்சாவது, மை கிடையாது. கடை வெக்கையிலும் வெயிலிலும் எழுத்து மங்கும். பத்திரம் என்று நினைத்து பிளாஸ்டிக் உறையில் போட்டால் சில உறைகள் இன்னும் வேகமாக அழித்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள். கூகுள் டிரைவைத் திறந்தால் கீழே வலப்பக்கம் கேமரா அடையாளம் இருக்கும். பில்லைக் கறுப்புத் துணி அல்லது கடும் நிற மேசையில் விரித்துப் பிடித்தால் ஓரங்களை அதுவே கண்டுபிடித்து வெட்டும். வெள்ளை மேசையில் ஓரம் பிடிபடாது. பிளாஷ் போடாதீர்கள், தெர்மல் தாள் பளபளத்து நடுவில் வெள்ளைத் திட்டு விழும். நீளமான பில்லை இரண்டு பக்கமாக எடுத்து ஒரே பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம்.

பெயர் வைப்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். 'ஸ்கேன் 14' என்று கிடந்தால் ஆறு மாதம் கழித்துத் தேட முடியாது. ஆண்டு, மாதம், திகதி, பிறகு ஆள்: '2025-03-09 அரிசி மொத்தக்கடை'. ஆண்டு முன்னால் வந்தால் பட்டியல் தானாகவே கால ஒழுங்கில் நிற்கும்.

சிங்களக் கடிதத்துக்கு கூகுள் லென்ஸ். கடிதத்தை நேராக மேலிருந்து படமெடுத்து, 'டிரான்ஸ்லேட்' தொட்டு தமிழைத் தெரிவுசெய்யுங்கள். தமிழ் குழம்பினால் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள், சில வேளை அது தெளிவாக வரும். விஷயம் என்ன, யாரிடம் போக வேண்டும் என்பது பிடிபடும். ஆனால் கையெழுத்து, ரப்பர் முத்திரை, ஆட்பெயர் எல்லாம் பிழையாக வரலாம். திகதியையும் தொகையையும் மூலத்திலேயே பாருங்கள். மொழிபெயர்ப்பை நம்பிக் கையொப்பம் வைக்காதீர்கள். அதோடு, வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி. 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் அது தெளிவாக இருக்கிறது. தமிழில் தாருங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

கடன் கொப்பிக்குக் குரல் போதும். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் மொழியாக 'தமிழ் (இலங்கை)' சேர்த்து, மைக் அடையாளத்தைத் தொட்டு, குறிப்பு எழுதும் கூகுள் கீப்பில் சொல்லுங்கள். ஆளுக்கொரு குறிப்பு வைத்தால் தேடுவது சுலபம். 'குடுத்தனான்', 'வாங்கேல்ல' என்று பேச்சுவழக்கில் சொன்னால் தடுமாறும். 'சீனி இரண்டு கிலோ, பருப்பு ஒரு கிலோ' என்று பொருளையும் அளவையும் மட்டும் சொன்னால் நன்றாகப் பிடிக்கும். மின்விசிறிக் காற்று மைக்கில் நேராக அடிக்கக் கூடாது. தொகையை மட்டும் கையால் தட்டுங்கள். பதினைந்தும் ஐம்பதும் மாறிவிட்டால் வாடிக்கையாளரோடு சண்டை.

மரக்கறி எடுக்க தம்புள்ளைக்குப் போகிறவராக இருந்தால் ஒன்று. கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்' போய், திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை சதுரத்துக்குள் வருமாறு இழுங்கள். எத்தனை எம்பி என்று அங்கேயே காட்டும், வைஃபையில் இறக்குங்கள். ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து வருவதால், காட்டு வீதியில் சிக்னல் விட்டுப்போனாலும் வாகன வழி காட்டும். நெரிசல் தகவல் வராது. போனை டாஷ்போர்டு வெயிலில் சார்ஜ் போட்டபடி வைக்காதீர்கள். சூடு ஏறினால் முதலில் சார்ஜ் நிற்கும், பிறகு திரை மங்கும், பற்றரியின் ஆயுளும் குறையும்.

கடைசியாக, செட்டிங்ஸில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்ற பகுதியில் இரத்த வகை, மருந்து ஒவ்வாமை, வீட்டார் இலக்கம் போட்டுவையுங்கள். பூட்டிய திரையிலும் 'எமர்ஜென்சி' தொட்டு மற்றவர்கள் அதைப் பார்க்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு டேட்டாவும் தேவையில்லை, கட்டணமும் இல்லை.