கல்யாணக் கூட்டத்தில் குழந்தையின் கண் எங்கே போகிறது? – ஆட்டிசம் கேள்வி பதில்

(ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி அமையும் ஒரு வளர்ச்சி நிலை. பதில் சொல்பவர்: ஈரோட்டில் குழந்தைகளுக்குத் தெரபி தரும் நம் குழு உறுப்பினர்)

பெருந்துறை அம்மா: மேடம், பையனுக்கு 4 வயது, ஆட்டிசம். கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது எல்லாரும் மணமேடையைப் பார்க்க, இவன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தானுங்க. ஏனுங்க?

பதில்: நல்ல கேள்விங்க. கண் எங்கே நிற்கிறது என்று அளக்க ஐ டிராக்கர் என்றொரு கருவி உண்டு. கண்ணில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை வைத்து, திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று நொடிக்குப் பலமுறை குறித்துக்கொள்ளும். 2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் அமி க்ளின் குழு ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு சினிமாக் காட்சியைப் போட்டுக் காட்டியது. மற்றவர்கள் நடிகர்களின் கண்ணைப் பார்த்த நேரத்தில், இவர்கள் வாயையும் உடம்பையும் அறையில் இருந்த சாமான்களையும்தான் அதிகம் பார்த்தார்கள். 2011இல் கேரன் பியர்ஸ் குழு, திரையின் ஒரு பாதியில் குழந்தைகள் ஆடுவதையும் மறுபாதியில் நகரும் வடிவங்களையும் காட்டியது. ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் வடிவங்களையே அதிக நேரம் பார்த்தார்கள். ஒரு பகுதியினர்தான், எல்லாரும் அல்ல.

ஃபேன் ஒரே சீராகச் சுற்றும், அடுத்து என்ன வரும் என்று தெரியும். மணமேடையில் பத்துப் பேர், ஆளுக்கொரு பக்கம் பேச்சு, மேளம் வேறு. காட்சியில் ஆட்கள் கூடக்கூட, ஆட்டிசம் உள்ளவர்கள் பார்ப்பதற்கும் மற்றவர்கள் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசமும் கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் உங்கள் முகம் பார்க்கிறவன் மண்டபத்தில் பார்க்காமல் போவது அதனாலாக இருக்கலாம். திமிர் என்று சொந்தக்காரர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சென்னிமலை: பாப்பா தறி ஓடுவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆட்டிசமுங்களா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று எப்போதும் சொல்வேன். பெயர் சொன்னால் திரும்புகிறாளா, விரல் நீட்டி உங்களுக்கு எதையாவது காட்டுகிறாளா? சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேட்டுக் கூட்டிப் போங்கள்.

திருப்பூர்: செல்போன் பார்த்துத்தான் இப்படி ஆனதா?

பதில்: இல்லைங்க. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள், 2 முதல் 6 மாதத்துக்குள்ளேயே கண்ணைப் பார்ப்பது குறைந்துகொண்டு வந்ததாக 2013இல் ஒரு ஆய்வு வந்தது. தொட்டில் குழந்தைக்கு ஏது செல்போன்?

பல்லடம்: டிவியால் வருமா?

பதில்: திருப்பூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

தாராபுரம்: தடுப்பூசி?

பதில்: இல்லை. அப்படிக் கிளப்பிய 1998 கட்டுரையை 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே திரும்பப் பெற்றுவிட்டது. ஊசியைப் போடுங்கள்.

கோபி ஆசிரியர்: தாடையைப் பிடித்துத் திருப்பி "என் கண்ணைப் பார்" என்று பழக்கினால்தானே வரும்?

பதில்: வேண்டவே வேண்டாம்.

கோவை (ஆட்டிசம் உள்ள இளைஞர்): எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். கண்ணைப் பார்த்தால் எனக்குப் பேச்சு காதில் ஏறாது சார்.

கோபி ஆசிரியர்: நாளைக்கு வேலைக்கு இன்டர்வியூ போனால்?

கோவை: புருவத்துக்கு நடுவில் பார்ப்பேன். வேலையிலும் இருக்கிறேன்.

பதில்: இருங்கள், நானும் வருகிறேன். 2017இல் வந்த இரண்டு ஆய்வுகள் இரண்டு பக்கம் இழுக்கின்றன. ஒன்றில், ஆட்டிசம் உள்ளவர்களைக் கண்ணையே பார்க்க வைத்தபோது மூளையின் உட்பகுதி மற்றவர்களைவிட மிகையாகத் தூண்டப்பட்டது. இன்னொன்றில், 2 வயதுக் குழந்தைகள் கண்ணைக் கண்டு ஒதுங்கவில்லை, அதில் ஏதோ சேதி இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் படவில்லை. முதலாவது சரி என்றால் பிடித்துத் திருப்புவது வதை, இரண்டாவது சரி என்றால் வீண். தரையில் உட்காருங்கள் ஐயா, அவன் பார்ப்பதை நீங்களும் பாருங்கள், அதைப் பற்றியே பேசுங்கள்.

கோபி ஆசிரியர்: முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் தரையில் உட்கார முடியுமுங்களா?

பதில்: நியாயம்தான். அப்படியானால் தாடையை மட்டுமாவது விடுங்கள்.

காங்கேயம்: கண்ணை வைத்தே கண்டுபிடிக்கும் ஆப் இருக்கிறதாமே, பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அமெரிக்காவில் 2022இல் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் டாக்டருக்குத் துணையாகத்தான்.

அவிநாசி: மேடம், டிவி பார்த்தால்...

பதில்: மேலே பல்லடத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.