மாதக் கடைசியில் வரும் வண்டி – கடிதம்

அன்புள்ள சார்,

ஒரகடம் பக்கத்தில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறேன். இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங் முடித்துவிட்டு இங்கே சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் எல்லாம் எங்களிடம் வந்து இறங்கி, ஸ்டாக்கிஸ்டுகளுக்குப் பிரிந்து போகும். மாதத்தின் முதல் இரண்டு வாரம் ஈ ஓட்டுவோம். கடைசி ஐந்து நாள் ராத்திரி பகல் தெரியாது. லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். ஏன் இப்படி என்று கேட்டால் மேனேஜர், "இந்த லைனே அப்படித்தாம்மா" என்கிறார்.

ஆபரேஷன்ஸ், சப்ளை செயின் துறையில் பிஎச்டி செய்யலாமா என்று ஒரு யோசனை. வீட்டில் சொன்னதும் மாமா சிரித்துவிட்டார். "கடைக்குச் சரக்கு அனுப்ப டாக்டர் பட்டமா? நாலு நாள் மண்டியில உட்கார்ந்தா தன்னால வர்ற பொது அறிவு" என்றார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. சில ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் படித்தும் பார்த்தேன். முதல் பக்கத்தில் சரக்கு இருக்கிறது. மூன்றாம் பக்கத்திலிருந்து வெறும் கணக்கு. நீங்கள் எழுத வருவதற்கு முன் இந்த லைனில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். மாமா சொல்வது சரிதானா? இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

மாமா சொன்னது சரிதான், அது பொது அறிவுதான். அந்தப் பொது அறிவுதான் உங்கள் கேட்டுக்கு வெளியே லாரிகளை வரிசை கட்ட வைக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நான் ஒன்பது வருடம் பிஸ்கட் விற்றேன். மதுரையில் கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் ஸ்டாக்கிஸ்ட். கார்டில் சேல்ஸ் ஆஃபீசர் என்று போட்டிருக்கும். வேலை என்னவோ அவர் தலையில் சரக்கை இறக்குவதுதான். 27-ஆம் தேதி வாக்கில் டார்கெட்டில் பெரிய பள்ளம் தெரியும். ஏரியா மேனேஜரிடமிருந்து போன் வரும். நான் போய் அண்ணாச்சி முன்னால் நிற்பேன். "இடம் எங்க தம்பி இருக்கு?" என்பார். சற்று நேரம் கழித்து, "ஸ்கீம் ஏதும் உண்டா?" என்பார். பத்துக்கு ஒன்று ஃப்ரீ என்று சொன்னதும் கால்குலேட்டரை எடுப்பார். அப்புறம் வண்டி வரும். குடோன் நிரம்பி, மிச்சப் பெட்டிகள் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஏறும். ஒருமுறை பூஜையறை வாசல் வரை வந்துவிட்டது. அவருடைய அம்மா கையில் விளக்கோடு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து போனதை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரை ஆர்டர் இருக்காது. ரிவியூ மீட்டிங்கில் எனக்கு விழும்: "நீ ஃபீல்டுக்கே போறதில்ல." நானும் அதைப் பாதி நம்பினேன். அண்ணாச்சிக்குப் பேராசை என்று நான் நினைத்தேன். எனக்குச் சோம்பல் என்று மேனேஜர் நினைத்தார். ஃபேக்டரியில் பிளானிங் பார்ப்பவர்களுக்கு மூளையே இல்லை என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். மதுரை ஜனங்கள் மட்டும் மாதம் முழுக்க ஒரே சீராக டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதே கேள்வி 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்கு வந்தது. கென்டக்கியில் இருந்த அவர்களுடைய வீட்டுச் சாமான் தொழிற்சாலைகளில் சில காலம் மூன்று, நான்கு ஷிஃப்ட் ஓடும். சில வருடம் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். சந்தையின் ஏற்ற இறக்கம் என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ஜே ஃபாரஸ்டர் என்ற எஞ்சினியரிடம் இந்த விஷயம் பேச்சுவாக்கில் வந்தது. கம்ப்யூட்டர்களுக்கான காந்த நினைவகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். 1956-ல் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மேனேஜ்மென்ட் பள்ளிக்கு மாறியிருந்தார். ஆள் எடுப்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள், இருப்பு எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு நோட்டில் இருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று பத்தி பிரித்து, பென்சிலால் வாரம் வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஒரே சீராக இருந்தாலும், அவர்கள் வைத்திருந்த விதிகளே ஆலையை ஆட்டிவைக்கப் போதும் என்று தெரிந்தது. சந்தையின் மேல் பழி போட வழியில்லாமல் போய்விட்டது.

அவருடைய குழு உருவாக்கியதுதான் பீர் கேம். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் ஒரு மேஜையில் உட்காருவார்கள். ஒருவருக்கொருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். கேட்ட சரக்கு வந்து சேரச் சில வாரம் ஆகும். கையில் தங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். வாடிக்கையாளர் முதலில் வாரம் 4 பெட்டி கேட்பார், ஐந்தாவது வாரத்திலிருந்து 8. அதற்கு மேல் எந்த மாற்றமும் இல்லை, கடைசி வரை 8 தான். ஆனால் ஆலைக்காரரிடம் போய்ச் சேரும்போது அது பேயாட்டமாகிவிடும். முதலில் எல்லோரிடமும் சரக்கு இல்லை. பிறகு எல்லோரிடமும் வைக்க இடம் இல்லை.

1989-ல் எம்ஐடியின் ஜான் ஸ்டெர்மன் இந்த ஆட்டத்தின் பதிவுகளை எடுத்துவைத்துக் கட்டுரை எழுதினார். ஆடியவர்களுக்கு ஆன செலவு, ஆகியிருக்க வேண்டியதைப் போலச் சராசரியாகப் பத்து மடங்கு. அவர்கள் எங்கே தவறினார்கள் என்றும் கண்டுபிடித்தார். கையில் உள்ள சரக்கை எண்ணுகிறார்கள். ஏற்கெனவே கேட்டு, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை மறந்துவிடுகிறார்கள். கூட்டமான டீக்கடையில் "ரெண்டு டீ" என்று சொல்கிறோம். வரவில்லை என்று மறுபடி சத்தம் போடுகிறோம். கடைசியில் நான்கு டீ வந்து நிற்கும்போது மாஸ்டரை முறைக்கிறோம், இல்லையா? அதேதான். ஆட்டம் முடிந்தபின் வாடிக்கையாளர் எப்படிக் கேட்டார் என்று வரைந்து காட்டச் சொன்னால், பெரும்பாலானோர் மலையும் பள்ளமுமாக வரைவார்களாம். உண்மையில் அங்கே இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு.

மாமா இதைக் கேட்டால், "விவரம் தெரியாதவங்க ஆடினா அப்படித்தான் ஆகும்" என்பார். நியாயமான ஆட்சேபம். அதற்குப் பதில் 1997-ல் வந்தது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்ததும் அதுதான். ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூவரும், யாருமே தவறு செய்யாவிட்டாலும், எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருந்தாலும், ஆர்டரில் இந்த ஏற்ற இறக்கம் வரும் என்று நிறுவினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் பிராக்டர் அண்ட் கேம்பிளின் பேம்பர்ஸ் டயப்பர். குழந்தைகள் மாதக் கடைசியில் அதிகம் நனைப்பதில்லை. கடையில் விற்பனையும் ஓரளவு சீர்தான். விநியோகஸ்தர்களின் ஆர்டர் அதைவிட ஆடியது. கம்பெனி தன் மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டர் அதைவிடவும் ஆடியது. அதற்கு அந்தக் கம்பெனியில் வைத்த பெயர்தான் புல்விப், மாட்டுச் சாட்டை. பிடித்திருக்கும் கை ஒரு விரற்கடை அசைந்தால் நுனி ஒரு கஜம் பறக்கும்.

கீழே இருப்பவர் போடும் ஆர்டரையே தேவை என்று எடுத்துக்கொண்டு மதிப்பிடுவது ஒரு காரணம். லாரி நிறையட்டும் என்று சேர்த்துவைத்துக் கேட்பது இன்னொன்று. மற்ற இரண்டும் அண்ணாச்சியிடம் நானே பார்த்தவை. ஒன்று ஸ்கீம்: பத்துக்கு ஒன்று ஃப்ரீ என்றால் ஒரு மாதச் சரக்கை முன்கூட்டியே வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். அவர் கால்குலேட்டர் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. மற்றது தட்டுப்பாடு. ஒரு தீபாவளிக்கு முன் கிஃப்ட் பாக்ஸ் போதவில்லை. கேட்டதில் பாதிதான் தருவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. 100 வேண்டிய இடத்தில் 200 எழுதச் சொன்னார் அண்ணாச்சி. "கேட்டாத்தான் தம்பி வேண்டியதாவது கிடைக்கும்." ஊர் ஊருக்கு இருந்த அண்ணாச்சிகளும் அதையேதான் எழுதியிருப்பார்கள். ஃபேக்டரியின் கண்ணுக்குத் தேவை இரண்டு மடங்காகிவிட்டது. பொங்கல் வரை அந்தப் பெட்டிகளை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தோம்.

யாரைத் திட்டுவது, சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளை மாற்றினாலும் புதியவரும் அதையே செய்வார். மாற்ற வேண்டியது டார்கெட்டை, ஸ்கீமை, யாருக்கு எந்தக் கணக்கு தெரிகிறது என்பதை.

அது லேசுப்பட்ட காரியம் இல்லை. இத்தாலியில் பாரில்லா என்ற பாஸ்தா கம்பெனி இருக்கிறது. ஜானிஸ் ஹாமண்ட் ஹார்வர்டில் அதைப் பற்றி எழுதிய கேஸ் ஸ்டடி உலகம் முழுக்க வகுப்பில் நடத்தப்படுகிறது. இத்தாலிக்காரர்கள் பாஸ்தா சாப்பிடுவதில் என்ன ஏற்ற இறக்கம் இருந்துவிடப் போகிறது? ஆனால் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஆடியது. அங்கேயும் நம் ஊர் போலவே தவணை தவணையாகத் தள்ளுபடி, முழு லாரிக்குத் தனித் தள்ளுபடி. 1980-களின் கடைசியில் சரக்குப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட பிராண்டோ விதாலி ஒரு யோசனை சொன்னார்: நீங்கள் ஆர்டரே போட வேண்டாம், அன்றாடம் எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கை மட்டும் கொடுங்கள், எவ்வளவு அனுப்புவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். விநியோகஸ்தர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. என் குடோனை நீ ஏன் பார்க்கிறாய் என்ற கோபம். அதையாவது புரிந்துகொள்ளலாம். கம்பெனியின் சொந்த சேல்ஸ் ஆட்களே எதிர்த்தார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் எதிர்த்திருப்பேன். ஆர்டர் என்று ஒன்று இல்லாவிட்டால் 27-ஆம் தேதி எனக்கு என்ன வேலை?

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2007-ல் ஜெரார்ட் கஷோனும் இன்னும் இருவரும் அமெரிக்க அரசின் புள்ளிவிவரங்களை எடுத்து, இந்தச் சாட்டை உண்மையிலேயே எங்கும் இருக்கிறதா என்று தேடினார்கள். மொத்த வியாபாரத்தில் தெரிந்தது. சில்லறையில் பொதுவாகத் தெரியவில்லை, உற்பத்தித் துறைகளில் பெரும்பாலானவற்றிலும் தெரியவில்லை. பண்டிகைக் காலம் போல முன்கூட்டியே தெரிந்த ஏற்ற இறக்கத்தை ஆலைகள் சமாளித்துத் தட்டையாக்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். எல்லோரும் பத்து வருடம் வகுப்பில் சொல்லிவந்ததை ஒருவர் அளந்து பார்த்து, "இருங்கள், அப்படி இல்லையே" என்கிறார். மாமா கேட்ட மண்டி அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மண்டியில் யாரும் திரும்பப் போய் அளப்பதில்லை. சரக்கு விற்றுவிட்டால் எல்லா முடிவும் சரியான முடிவுதான்.

மூன்றாம் பக்கத்துக் கணக்கு என்று எழுதியிருந்தீர்கள். சில கட்டுரைகள் கணக்குக்காகவே எழுதப்படுபவை, உண்மைதான். அவற்றில் இருக்கும் குடோனில் எலிகூட இருக்காது. ஆனால் கணக்கு இல்லாமல் சில விஷயம் கண்ணில் படாது. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கான சூத்திரத்தை 1913-ல் வெளியிட்டவர் ஃபோர்டு ஹாரிஸ் என்ற எஞ்சினியர். விற்பனை நான்கு மடங்கானால் ஒரு தடவை வாங்கும் அளவு இரண்டு மடங்கானால் போதும் என்று அது சொல்கிறது. மண்டியில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் இது தன்னால் வராது. ஹாரிஸ் கல்லூரிப் பட்டம் வாங்கியவர் இல்லை என்பதை மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

எதை எடுத்து ஆராய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். எங்கள் அண்ணாச்சி கடையில் ஒரு கிரீம் பிஸ்கட் இரண்டு மாதமாக ஆர்டரே ஆகவில்லை. இருப்பு நோட்டில் 6 பெட்டி என்று இருந்தது. 6 இருக்கும்போது எதற்கு வாங்குவது? ஒருநாள் ஒரு கடைக்காரர் நேரிலேயே வந்து கேட்க, பையன் ரேக்கைத் தேடினால் ஒன்றும் இல்லை. எப்போதோ வேறு ரகத்துக்குப் பதிலாகக் கைமாறிப் போயிருக்கிறது. நோட்டுக்கு மட்டும் அது தெரியாது. விற்காத சரக்கு என்று நான் ரிப்போர்ட்டும் எழுதிவிட்டிருந்தேன்.

நோட்டுப் புத்தகக் காலத்துக் கோளாறு, கம்ப்யூட்டர் வந்ததும் போயிருக்கும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் இருவரும் அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறைக் கம்பெனியின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளை, ஆள் வைத்து எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்டார்கள். 65 சதவீதம் பொருந்தவில்லை. எவ்வளவு வாங்கலாம் என்று அழகாகக் கணக்குப் போடும் எல்லா மென்பொருளும் அந்தப் பதிவை நம்பித்தான் தொடங்குகின்றன.

உங்கள் குடோனில் எப்படி இருக்கும்? ஆர்டர் வராத முதல் வாரத்தில் ஒருநாள் ஒரே ஒரு ரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள், 50 ஐட்டம் போதும். திரையில் இருப்பதைத் தனியாக எழுதி மடித்து வைத்துவிட்டு எண்ணுங்கள். பார்த்துக்கொண்டே எண்ணினால் கை தானாகச் சரிக்கட்டிவிடும். மாதக் கடைசி அவசரத்துக்குப் பின் அதே ரேக்கை இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டு முறையும் திரைக்கும் எண்ணியதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்கு எழுதுங்கள். முடிந்தால் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், மேல் தட்டை எண்ண ஒருவர் ஏணி பிடிக்க வேண்டியிருக்கும்.