பனிக்கட்டி ஏன் மிதக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள்: “திடப்பொருளில் மூலக்கூறுகள் நெருக்கமாக இருக்கும் என்கிறது பாடப்புத்தகம். அப்படியானால் ஐஸ் கட்டி தண்ணீரில் மூழ்கத்தானே வேண்டும்?” அடர்த்தி குறைவு என்றேன். “ஏன் குறைவு?” என்று மடக்கினாள். உள்ளே காற்றுக் குமிழிகள் இருப்பதால்தான் என்கிறார் என் கணவர். சரிதானா?

ஒரு வாசகி, ஓசூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி அபாரமானது. அடர்த்தி குறைவு என்பது சரியான பதில்தான்; ஆனால் பாதி வழியில் நின்றுவிடும் பதில். ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் சுமார் 1.09 லிட்டர் ஆகிவிடுகிறது. எடை கூடவில்லை, அடைத்துக்கொள்ளும் இடம்தான் கூடியிருக்கிறது. அது ஏன் என்றுதான் அவள் கேட்கிறாள்.

குமிழி காரணமில்லை. கட்டியின் நடுவே வெண்மையாகத் தெரிவது, தண்ணீரில் கரைந்திருந்த காற்று உறையும்போது வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டது. குமிழியே இல்லாத, கண்ணாடிபோல் தெளிந்த கட்டியும் மிதக்கும். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம்.

இதே கேள்விக்காக 1611இல் ஃபுளோரன்ஸ் நகரில் பெரிய சண்டையே நடந்தது. குளிர் எதையும் இறுக்கும், ஆகவே பனிக்கட்டி தண்ணீரைவிடக் கனமானது, தட்டையாக இருப்பதால்தான் நீரைப் பிளந்து இறங்க முடியவில்லை என்றார்கள் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்கள். கலிலியோ மறுத்தார்: பனிக்கட்டி என்பது விரிந்த நீர், வடிவத்துக்கு இதில் வேலையே இல்லை. அரிஸ்டாட்டில் அணியைச் சேர்ந்த லோடோவிகோ டெல்லே கொலொம்பே விடவில்லை. கருங்காலி மரத்தில் ஓர் உருண்டையும் ஒரு மெல்லிய சில்லும் செய்து நீரில் இட்டுக் காட்டினார். உருண்டை மூழ்கியது, சில்லு மேலேயே நின்றது. சில்லை முழுக்க நனைத்து நீருக்குள் விடுங்கள், அதுவும் மூழ்கும் என்பது கலிலியோவின் பதில். 1612இல் இதை ஒரு நூலாகவே எழுதினார், அதுவும் லத்தீனில் அல்ல, சாதாரண மக்கள் படிக்கும் இத்தாலியில். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் சண்டை இது. ஆனால் நீர் உறையும்போது ஏன் விரிகிறது என்பதற்கு விடை கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

விடை மூலக்கூறுகள் கைகோக்கும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் (ஒன்றின் ஹைட்ரஜனை அடுத்ததன் ஆக்சிஜன் இழுத்துக்கொள்ளும் ஈர்ப்பால்) இணையும். திரவ நிலையில் இந்தப் பிணைப்புகள் நொடிக்கு நொடி அறுந்து, மாறி, மறுபடி இணைகின்றன; அந்தக் குழப்பத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கிவிட முடிகிறது. உறைந்ததும் ஒவ்வொன்றும் சரியாக நான்கு பேரோடு, குறிப்பிட்ட கோணத்தில் நிலைத்து நின்றாக வேண்டும். அப்படி நின்றால் நடுவே அறுகோண வடிவில் வெற்றிடங்கள் விழும். அங்கே காற்றுகூட இல்லை, வெறும் இடம். அந்த இடம்தான் பனிக்கட்டியை மிதக்கவைக்கிறது.

உருகும்போது இந்தக் கட்டுமானம் ஒரேயடியாகக் குலைந்துவிடுவதில்லை. 0 டிகிரியிலிருந்து சூடாக்கினால் தண்ணீர் முதலில் இன்னும் சுருங்கி, ஏறத்தாழ 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாகிறது. குளிர்நாட்டு ஏரிகள் மேலிருந்து உறைவதும், அடியில் உறையாத நீரில் மீன்கள் பிழைத்திருப்பதும் இதனால்தான்.

உங்கள் மகளின் முதல் கேள்வியும் தவறானதல்ல. பெரும்பாலான பொருள்கள் அவள் எதிர்பார்ப்பதுபோலவே நடந்துகொள்கின்றன. மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைந்திருக்கும் தேங்காய் எண்ணெயில் ஒரு துண்டை எடுத்து, உருகிய எண்ணெயில் போடச் சொல்லுங்கள். அடியில் போய் உட்காரும். பக்கத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டியையும் போட்டுப் பார்க்கட்டும். பாடப்புத்தகத்தின் அந்த வரி எண்ணெய்க்குப் பொருந்தும், தண்ணீருக்குப் பொருந்தாது. பிஸ்மத், காலியம், சிலிக்கான் ஆகிய தனிமங்களும் தண்ணீரைப் போலவே உறையும்போது விரிபவை. அந்த வரிக்கு விதிவிலக்கு உண்டு என்று வகுப்பிலேயே அவள் எழுந்து சொல்லலாம்.