மெஷின் பார்ட் டிராயிங்ல ஹோலுக்குப் பக்கத்துல கவுண்டர்போர், கவுண்டர்சிங்க், ஸ்பாட்ஃபேஸ்னு போட்டிருக்கே, மூணும் ஒண்ணுதானா?

இல்லைங்க, மூணும் வேற வேற. ஹோலைப் பாக்காதீங்க, அதுல என்ன போல்ட் உக்காரப் போகுதுன்னு பாருங்க, பாதி குழப்பம் போயிடும்.

எம்8 ஆலன் போல்ட்டை எடுத்துக்குங்க, அதாவது 8 மிமீ தடிமன், உருளைத் தலையில ஆறுமுகக் குழி இருக்கற போல்ட். தலை 13 மிமீ டயா (விட்டம்), 8 மிமீ உயரம். அந்தத் தலை மேல துருத்திக்கிட்டு நிக்காம உள்ள போகணும்னா 9 மிமீ ஹோல் போட்டு, அதுக்கு மேல சுமார் 15 மிமீ டயாவுல, 8 மிமீக்குக் கொஞ்சம் கூடுதலா ஆழம் வச்சு, அடி தட்டையா இருக்கற மாதிரி பெருசாக்கணும், இதுதான் கவுண்டர்போர், டிராயிங்ல மேல மூடாத சதுரப் பொட்டி மாதிரி ஒரு குறி இருக்கும்.

கவுண்டர்சிங்க்னா, அடிப்பக்கம் கூம்பா இருக்கற ஸ்க்ரூ தலை உள்ள உக்கார, ஹோல் வாயில போடற புனல் மாதிரி சரிவு, குறியும் ஆங்கில வி எழுத்து மாதிரிதான். மெட்ரிக் ஸ்க்ரூன்னா 90 டிகிரி, அமெரிக்க இஞ்ச் ஸ்க்ரூன்னா பொதுவா 82 டிகிரி. இதை மாத்திப் போட்டா தலை முழுசா ஒட்டாம, ஏதாவது ஒரு ஓரத்துல மட்டும்தான் ஒட்டி உக்காரும்.

ஸ்பாட்ஃபேஸ் வேற ஒண்ணுமில்ல, காஸ்டிங் (உலோகத்தை உருக்கி அச்சுல ஊத்தின பார்ட்) மேற்பரப்பு கரடுமுரடா இருக்கும்ல, போல்ட் தலையோ வாஷரோ சமமா உக்கார அந்த இடத்தை மட்டும் லேசா வெட்டித் தட்டையா சுத்தம் பண்றது. ஆழம் நிறைய டிராயிங்ல இருக்கவே இருக்காது, பரப்பு சுத்தமானா போதும், புதுசா வர்றவங்க இங்கதான் ஆழம் எங்கன்னு தேடிக்கிட்டே இருப்பாங்க.

அப்படியே இதையும் சொல்லிடறேன், வெளி மூலையைச் சாய்வா வெட்டினா சேம்ஃபர், உள் மூலையை வளைவா விட்டா ஃபில்லெட். ஷாஃப்ட் ஸ்டெப்புல, அதாவது சுத்தற தண்டோட டயா மாறற இடத்துல, இருக்கற ஃபில்லெட்டை அழகுக்குன்னு நினைச்சு விட்டுடாதீங்க, கூர் மூலையா இருந்தா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.