ஊசி, கஷாயம், நாடி: சீன வைத்தியம் பத்தி நீங்க கேட்டதும் நாங்க சொல்றதும்

கேள்வி: ரொம்ப நாளா இடுப்பு வலிங்க. அக்குபஞ்சர் போய்ப் பாருன்னு ஒருத்தர் சொல்றார், அதெல்லாம் சும்மா மனசுல தோணுறதுன்னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்புறது?

பதில்: ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஜெர்மனில நாள்பட்ட இடுப்பு வலிக்காரங்க 1162 பேரை மூணு குரூப்பா பிரிச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2007ல வெளிவந்துச்சு. ஒரு குரூப்புக்கு முறைப்படி அக்குபஞ்சர், இன்னொண்ணுக்கு அக்குபஞ்சர் புள்ளியே இல்லாத இடத்துல மேலாப்புல குத்துற டம்மி ஊசி, மூணாவதுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா முறையான ஊசில 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், டம்மி ஊசில 44.2, மாத்திரை குரூப்ல 27.4 தான்! அதாவது ஊசி குத்திக்கிட்டவங்களுக்கு வலி கொறஞ்சது நிஜம், ஆனா எங்க குத்துனாங்கங்கறது பெருசா கணக்குலயே வரல. உடம்புல 361 புள்ளி இருக்கு, பாதை பாதையா 'சீ'ங்கற உயிர்ச்சக்தி ஓடுது, அது அடைச்சுக்கிட்டா வலின்னு சொல்றாங்களே, அந்த விளக்கம் இங்க அடி வாங்குது. பிரிட்டன்ல அரசு வழிகாட்டுதல்லயே 2009ல இடுப்பு வலிக்கு அக்குபஞ்சர் பாக்கலாம்னு சொல்லிட்டு 2016ல வேணாம்னு எடுத்துட்டாங்க. என்னைக் கேட்டா, டாக்டர்கிட்ட காட்டி வேற பெரிய பிரச்சனை எதுவும் இல்லைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் ஆசைப்பட்டா போய்ப் பாருங்க, கொஞ்ச நாள்ல பலன் தெரியலன்னா நிறுத்திடுங்க. கால் மரத்துப் போகுது, யூரின் கன்ட்ரோல் இல்லைன்னா மட்டும் ஊசி பக்கமே போகாம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கேள்வி: சீனாவுல மயக்க மருந்தே இல்லாம வெறும் அக்குபஞ்சர் வச்சு ஒரு அமெரிக்க நிருபருக்கு ஆபரேஷன் பண்ணாங்களாமே?

பதில்: இல்லைங்க. 1971 ஜூலைல நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் போன இடத்துல அப்பெண்டிக்ஸ் வந்து ஆபரேஷன் ஆச்சு. வழக்கமான மரத்துப்போற ஊசி போட்டுத்தான் பண்ணாங்க. அப்புறம் ரெண்டாவது ராத்திரி வயிறு உப்பிக்கிட்டு அவஸ்தைப்பட்டப்ப தான் முழங்கைலயும் முழங்காலுக்குக் கீழயும் அக்குபஞ்சர் ஊசி குத்துனாங்க. அவரே தெளிவா எழுதியும் இருக்கார், ஆனா யாரு முழுசா படிச்சாங்க.

கேள்வி: மூலிகைன்னா பக்க விளைவே கிடையாது, அப்ப சீன மூலிகையும் தைரியமா சாப்பிடலாம் தானே?

பதில்: இந்த "பக்க விளைவே கிடையாது" தான் எனக்கு எரிச்சல் வர்ற இடம். உடம்புல வேலை செய்யுற எதுக்கும் பக்க விளைவு இருக்கும். 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கறதுக்கு சீன மூலிகை மாத்திரை குடுத்தாங்க, அதுல ஃபாங்ஜிங்கற வேர் போட வேண்டிய இடத்துல குவாங் ஃபாங்ஜின்னு வேற செடி வந்துடுச்சு, அந்தச் செடில அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கு, அது கிட்னியைக் காலி பண்ணிடும். நூறு பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க, நெறைய பேருக்கு டயாலிசிஸ், கிட்னி மாத்தறது வரைக்கும் போச்சு, சிலருக்கு சில வருஷம் கழிச்சு சிறுநீர்ப் பாதைல கேன்சரும் வந்துச்சு. சரி அது ஆள் மாறாட்டம்னே வச்சுக்குவோம், சரியான மூலிகைலயும் கவனம் வேணும். சீனக் கஷாயங்கள்ல பாதிக்குப் பாதி அதிமதுரம் இருக்கும், அளவு மீறினா பிரஷர் ஏறும், பொட்டாசியம் எறங்கும். மா ஹுவாங் மூலிகைல இருக்குற எபெட்ரின் இதயத்தைப் படபடன்னு அடிக்க வைக்கும், அதனால தான் அமெரிக்கால 2004ல அதை சப்ளிமெண்டா விக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க டான்ஷென், டாங்குய்ங்கற சீன மூலிகை ரெண்டையும் தொடவே வேணாம், ரத்தக்கசிவு ஆயிடலாம். எதைச் சாப்பிட்டாலும் உங்க டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, திட்டுவார்னு பயந்து மறைக்கறவங்க தான் அதிகம்.

கேள்வி: அப்ப சீன மூலிகை மருந்துக்கு நோபல் பரிசு மட்டும் எப்படிக் குடுத்தாங்க?

பதில்: நல்லா மடக்கிட்டீங்க! 2015ல சீன விஞ்ஞானி து யூயூ அம்மாவுக்குக் குடுத்தது மலேரியா மருந்துக்கு. 1967ல சீன அரசு ரகசியமா ஆரம்பிச்ச திட்டத்துல அவங்க பழைய ஏடுகளைப் புரட்டிக்கிட்டிருந்தப்ப, நாலாம் நூற்றாண்டுல கே ஹொங்னு ஒரு சீன வைத்தியர் எழுதின குறிப்புல ச்சிங்ஹாவ் செடியைத் தண்ணில ஊறவச்சுப் பிழிஞ்சு குடிக்கணும்னு இருந்துச்சு. கொதிக்க வைக்கச் சொல்லலையே, சூட்டுல தான் சத்து கெடுதோன்னு அவங்களுக்கு ஒரு பொறி தட்டுச்சு. ஈதர்ங்கற திரவத்துல குறைஞ்ச சூட்டுல சாறு எடுத்தாங்க, 1971ல எலிகள்கிட்ட மலேரியா கிருமி முழுசா போயிடுச்சு, அப்புறம் தாங்களே குடிச்சு விஷம் இல்லைன்னு பாத்தாங்க. ஆர்டெமிசினின்ங்கற அந்த மலேரியா மருந்து வந்தது அப்படித்தான். பழைய ஏடு குடுத்தது துப்பு, மருந்தாக்குனது சோதனை. இன்னைக்கு மலேரியா வந்தா அந்த இலையைக் காய்ச்சிக் குடிச்சுக்கிட்டு உக்காந்துடாதீங்க, மாத்திரை தான் சாப்பிடணும்.

கேள்வி: கைல நாடி பிடிச்சே எல்லா நோயும் சொல்லிடுவாங்களா?

பதில்: மணிக்கட்டுல மூணு இடத்துல விரல் வச்சுப் பாப்பாங்க, நாக்கையும் பாப்பாங்க. ஒரே ஆளை ரெண்டு வைத்தியர் பாத்தா ரெண்டு விதமா சொல்றதும் உண்டு. சுகர், கேன்சர் எல்லாம் டெஸ்ட்ல தான் தெரியும்.

கேள்வி: ஊசி குத்திக்க முடிவு பண்ணிட்டேன். என்ன பாக்கணும்?

பதில்: ஒரு தடவை மட்டும் யூஸ் பண்ற ஊசியா, பாக்கெட்டை உங்க முன்னாடி பிரிக்கறாங்களான்னு பாருங்க. கர்ப்பமா இருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ முதல்லயே சொல்லிடுங்க, ஏன்னா சிலர் ஊசில கரண்டும் குடுப்பாங்க. நெஞ்சு, தோள்பட்டை பக்கம் ஆழமா குத்தினா ரொம்ப அபூர்வமா நுரையீரல்ல ஓட்டை விழும், அதனால குத்திட்டு வந்தப்புறம் மூச்சு வாங்குது, நெஞ்சு குத்துதுன்னா படுத்துக்கிட்டே பாத்துக்கலாம்னு இருக்காம எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.