டெக்சாஸில் துப்பாக்கிக்கு லைசென்ஸே தேவையில்லை என்கிறார்கள். எச்-1பி விசாவில் இருக்கும் நான் தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்கலாமா?

தயவுசெய்து வாங்காதீர்கள். எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) எல்லாமே தற்காலிக விசாக்கள். இந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருந்தாலே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். அதிகபட்சத் தண்டனை 2022க்குப் பிறகு 15 வருடம். நாடு கடத்தவும் அந்த ஒரு குற்றத் தீர்ப்பு போதும்.

நீங்கள் கேள்விப்பட்டதும் பொய் இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது ஆனவர்கள் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். ஆனால் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆபீஸ் பேச்சில் இந்தப் பாதி மட்டும் விட்டுப்போகிறது. மாநிலம் கதவைத் திறந்து வைத்தாலும் மத்தியச் சட்டம் உங்களுக்கு அதை மூடித்தான் வைத்திருக்கிறது.

வார இறுதியில் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுடுவதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு விசா தகுதியை இழந்த ஒருவர் ஃபுளோரிடாவில் ரேஞ்சில் சுட்டதற்காகவே கைதானார். ரெஹைஃப் வழக்கு என்று அது 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநில அரசின் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

கிரீன் கார்டு கிடைத்தால் இந்தத் தடை விலகிவிடும். நான் அதற்குப் பிறகுதான் வாங்கினேன். கட்டாயம் இல்லாதபோதும் டெக்சாஸ் லைசென்ஸை எடுத்தேன், அதற்குக் காரணம் உண்டு. பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. நம் வீடுகளெல்லாம் பள்ளிக்கூடம் பார்த்து வாங்கியவைதானே! அப்புறம், வேறு சில மாநிலங்கள் இந்த லைசென்ஸை ஏற்றுக்கொள்ளும். நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் ஏற்காது. வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வது உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் ப்ரூயன் தீர்ப்பு 2022இல் வந்தபின் நியூயார்க் தன் சட்டத்தைத் திருத்தி 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரச் சுடும் பயிற்சி என்று கட்டாயமாக்கியது. அது சரி என்றே நான் நினைக்கிறேன்.

டெக்சாஸ் லைசென்ஸுக்கான வகுப்பில் என்னை உலுக்கியது சுடும் பயிற்சி அல்ல, சட்டப் பகுதி. உயிருக்கு உடனடி ஆபத்து, அல்லது கொள்ளை, கடத்தல், பாலியல் வன்முறை போன்ற குற்றத்தைத் தடுக்க அந்த நொடியில் வேறு வழியில்லை என்று நியாயமாக நம்பினால்தான் தற்காப்புக்காகக் கொல்லும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம். டெக்சாஸில் பொதுவாகப் பின்வாங்கி ஓட வேண்டிய கடமை கிடையாது. அதே சமயம் ஒருவன் வாயால் எவ்வளவு திட்டினாலும் அவனைத் தொட அது காரணமாகாது. ரோட்டில் கார் உரசல், பார்க்கிங் தகராறு எதற்கும் துப்பாக்கி பதில் இல்லை. நம் ஆட்கள் பலர் துப்பாக்கி வாங்கும் அக்கறையில் பாதியைக்கூட இந்தச் சட்டத்தைப் படிப்பதில் காட்டுவதில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

ராத்திரி ஷிப்டில் நீங்கள் இருக்கும்போது மனைவி தனியாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் புரிகிறது. கதவுக்கு நல்ல டெட்போல்ட் பூட்டு, கேமரா வைத்த காலிங் பெல், படுக்கை அருகே சின்ன பெப்பர் ஸ்ப்ரே. இவற்றை அவர் விசா பயமின்றி வைத்துக்கொள்ளலாம். யாராவது கதவைத் தட்டினால் திறக்காமல் உள்ளே இருந்தபடியே அவசர உதவி எண் 911க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், ஆனால் முகவரியை முதலில் சொல்லிவிட வேண்டும்.